முதல்வரும் எம்எல்ஏதான், அப்புறம் சட்டமன்றம் எப்படித் தனி அதிகாரம்?

கேள்வி இதுதான்: “முதலமைச்சர் ஒரு எம்எல்ஏ. அமைச்சர்களும் எம்எல்ஏக்கள். பெரும்பான்மை கையில் இருப்பதால் அரசு கொண்டுவரும் மசோதா எதுவும் தோற்பதில்லை. அப்படியிருக்க, சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றும் தனித்தனி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது எப்படிச் சரி?”

மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பாடப்புத்தகத்தில் மூன்று தூண்களைச் சம இடைவெளியில் வரைந்து காட்டுவார்கள். இந்தியாவைப் பொறுத்தவரை அந்தப் படம் பாதிதான் சரி. நம் அரசமைப்புச் சட்டத்தில் சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே நல்ல கனமான சுவர் இருக்கிறது. சட்டமன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் நடுவே அப்படி ஒன்று கிடையாது. தெரிந்தே, விவாதித்தே அதைக் கட்டாமல் விட்டார்கள். அதற்குப் பதிலாக அமைச்சரவையின் மூக்கணாங்கயிற்றைச் சட்டமன்றத்தின் கையில் கொடுத்தார்கள். கயிறு இன்று எவ்வளவு தளர்ந்து கிடக்கிறது என்பதுதான் என் கவலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சுவர் கட்டியவர்களைப் பார்ப்போம். அமெரிக்க அரசமைப்புச் சட்டப்படி, அரசுப் பதவியில் இருப்பவர் அதே நேரத்தில் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினராக இருக்க முடியாது. ஹிலாரி கிளின்டன் 2009-இல் வெளியுறவு அமைச்சராகப் போனபோது செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் போனார். அங்கே அதிபருக்கு அவரது பதவியைக் கொடுப்பது காங்கிரஸ் இல்லை. கொள்கை பிடிக்கவில்லை என்று வாக்கெடுப்பு நடத்தி காங்கிரஸ் அவரை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. பெரிய குற்றச்சாட்டு எழுந்தால் மட்டும் பதவி நீக்க விசாரணை உண்டு. அதனால் அவர் நான்கு ஆண்டுகள் உறுதியாக இருக்கலாம், ஆனால் சட்டமோ பணமோ வேண்டுமென்றால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

நமக்கும் அதுவே வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் ஒருவர் கேட்டார். பேராசிரியர் கே.டி. ஷா 1948 டிசம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: மூன்று அதிகாரங்களும் முழுமையாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். சபை அதை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பது, வரைவை முன்வைத்து நவம்பர் 4 அன்று அம்பேத்கர் பேசியதிலேயே இருக்கிறது. அவர் சொன்னதன் சாரம்: ஓர் ஆட்சி நிலையாகவும் இருக்க வேண்டும், பொறுப்புள்ளதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் சம அளவில் தரும் முறை இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்க முறை நிலைத்தன்மையை அதிகம் தரும். நாடாளுமன்ற முறை பொறுப்பை அதிகம் தரும். நாம் பொறுப்பைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த முறையில் ஆட்சியை மக்கள் தேர்தலுக்குத் தேர்தல் எடைபோடுவார்கள். அவை உறுப்பினர்கள் கேள்வி, தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் வழியாகத் தினந்தோறும் எடைபோடுவார்கள்.

தினந்தோறும் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமைச்சர் அவைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுதான். தினமும் கேள்வி கேட்க வேண்டும் என்றால், பதில் சொல்ல வேண்டியவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இனி அந்தக் கயிற்றில் என்னென்ன இழைகள் இருக்கின்றன என்று பார்ப்போம். முதல் இழை, ஆட்சியின் உயிர். மாநில அமைச்சரவை கூட்டாகச் சட்டப்பேரவைக்குப் பொறுப்பு என்கிறது 164-ஆவது பிரிவு. மத்தியில் அதே வேலையை 75-ஆவது பிரிவு செய்கிறது. இது வெறும் ஏட்டு வாசகம் என்று நினைக்க வேண்டாம். 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டபின் வாஜ்பாய் மக்களவையில் நம்பிக்கை கோரினார். ஏப்ரல் 17 அன்று வந்த கணக்கு: ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் ஒரு தேசத்தின் ஆட்சி போனது. அந்த 270 பேரில் ஒருவர் கிரிதர் கமாங். இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒடிசாவின் முதலமைச்சராகியிருந்தார், ஆனால் எம்பி பதவியை இன்னும் விடவில்லை. டெல்லிக்கு வந்து வாக்களித்தார். ஒரு மாநில நிர்வாகத்தின் தலைவர் மத்திய அரசைக் கவிழ்க்கும் வாக்கைப் போடுகிறார்! அது முறையா என்று அன்றே பெரிய சண்டை நடந்தது. நம் ஏற்பாட்டில் சட்டமன்றமும் நிர்வாகமும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை அவைக்குள் எண்ணித்தான் பார்க்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் தலை எண்ணக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் சொன்னதும் இதே இழையைச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது இழை பணம். என் கணக்கில் இதுதான் ஆக வலுவானது. ஆனால் பட்ஜெட் நாளில் எது விலை ஏறும், எது இறங்கும் என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. சட்டத்தின் அனுமதி இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது பிரிவு 265. சட்டப்படி அல்லாமல், அரசின் வருவாய் வந்து சேரும் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது என்கிறது 266. நிதியமைச்சர் பட்ஜெட்டை வாசித்துவிட்டால் பணம் கைக்கு வந்துவிடாது. அப்புறம் ஒவ்வொரு துறையும் தன் மானியக் கோரிக்கையோடு அவை முன் வந்து நிற்க வேண்டும். ‘மானியம்’ என்றதும் உர மானியம், கேஸ் மானியம் நினைவுக்கு வரும்; இங்கே பொருள் வேறு. காவல் துறைக்கு இவ்வளவு, பள்ளிக்கல்விக்கு இவ்வளவு என்று அவை கொடுக்கும் தொகைக்குத்தான் மானியம் என்று பெயர். கேட்பது அரசு, கொடுப்பது அவை. அதை உறுப்பினர்கள் குறைக்கலாம், கூட்ட முடியாது. குறைக்கச் சொல்லும் தீர்மானத்துக்கு வெட்டுத் தீர்மானம் என்று பெயர். மக்களவை முறையில் ஒரு துறையின் கொள்கையே தவறு என்றால் அதன் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டிக்காட்ட 100 ரூபாயை வெட்டச் சொல்வார்கள். நூறு ரூபாய்தானே என்று விட்டுவிட முடியாது. அந்தத் தீர்மானம் வென்றால் அவை அந்த அரசை நம்பவில்லை என்று பொருள்.

பல ஆண்டுகளுக்கு முன் கோட்டையில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்திருக்கிறேன். கேள்வி நேரம். ஓர் உறுப்பினர் தன் தொகுதியில் ஒரு பாலத்தைப் பற்றிக் கேட்டார். அமைச்சர் எழுதி வைத்திருந்த பதிலை வாசித்தார். உறுப்பினர் உட்காரவில்லை. துணைக் கேள்வி: “போன கூட்டத்தொடரிலும் இதே பதில்தானே சொன்னீர்கள், நடுவில் என்ன வேலை நடந்தது?” அமைச்சர் ஒரு கணம் பக்கவாட்டில் அதிகாரிகள் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. வாசித்துவிட்டு ஒரு தேதியைச் சொன்னார். தேதி அவைக் குறிப்பில் ஏறிவிட்டது. இனி அதிலிருந்து அந்தத் துறை நழுவ முடியாது. ஒரு பெரிய நிர்வாகத்தை ஒற்றை ஆள் நின்று பதில் சொல்ல வைத்ததை அந்தத் துண்டுச் சீட்டில்தான் நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். அந்த உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, ஆளுங்கட்சிக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, கயிறு ஏன் தளர்ந்தது?

ஒரு காரணம் கொறடா. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் நல்ல நோக்கத்தில் பிறந்தது. காலையில் ஒரு கட்சி, மாலையில் இன்னொரு கட்சி என்று உறுப்பினர்கள் விலைபோன காலத்துக்கு அது மருந்து. ஆனால் மருந்தின் அளவு கூடிவிட்டது என்பது என் கருத்து. ஆட்சி நிலைக்குமா என்ற வாக்கெடுப்புக்கு மட்டும் கட்டுப்பாடு என்று நிறுத்தியிருக்கலாம். எந்த மசோதாவுக்கும் கட்சி உத்தரவிடலாம், மீறினால் பதவி போகும் என்று ஆக்கிவிட்டார்கள். பதவி போகுமா என்று தீர்ப்பு சொல்பவர் பேரவைத் தலைவர். அவரும் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். 2017 செப்டம்பரில் தமிழகத்தில் 18 எம்எல்ஏக்கள் ஒரே உத்தரவில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அந்த உத்தரவை உறுதி செய்தார். நடுவில் ஓராண்டுக்கு மேல் 18 தொகுதிகளுக்கு அவையில் குரல் இல்லை.

இன்னொரு காரணம் நேரம். மானியக் கோரிக்கைகளுக்கான நாள் முடிந்ததும், பேசாமல் மிச்சமிருப்பவற்றை மொத்தமாக வாக்குக்கு விடுவார்கள். ‘கில்லட்டின்’ என்று பெயர். கொஞ்சம் மிச்சமிருந்தால் புரிந்துகொள்ளலாம். 2018 மார்ச்சில் மக்களவையில் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும், நிதி மசோதாவும் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேறின. அம்பேத்கர் சொன்ன தினசரி எடைபோடுதல் அன்று நடக்கவில்லை. இதில் ஆளுங்கட்சிக்கு மட்டுமல்ல, அவையை நடக்கவிடாத எல்லாருக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது காரணம்தான் எனக்கு அதிகம் வலிப்பது: அவசரச் சட்டம். அவை கூடாத நாட்களில் அவசரம் வந்தால் ஆளுநர் வழியாக அரசே சட்டம் போடலாம் என்கிறது பிரிவு 213. அவை மறுபடி கூடி ஆறு வாரத்தில் அது காலாவதி. அதற்குள் அவை ஏற்றுச் சட்டமாக்க வேண்டும். புனேயில் கோகலே ஆய்வு நிறுவனத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த டி.சி. வாத்வா, பீகாரில் வேறு ஏதோ ஆராயப் போனவர், அங்கே நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துத் திகைத்தார். 1967-இலிருந்து 1981 வரை 256 அவசரச் சட்டங்கள், ஓராண்டிலிருந்து 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைக்கப்பட்டிருந்தன. அவை கூடும், கலையும்; கலைந்த கையோடு காலாவதியாகும் சட்டங்களை அப்படியே மறுபடி அறிவிப்பார்கள். சட்டமாக்கச் சொல்லி அவை முன் கொண்டுவரவே மாட்டார்கள். வாத்வா உச்ச நீதிமன்றம் போனார். 1986 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: இது அரசமைப்புச் சட்டத்தின் மீது செய்யப்பட்ட மோசடி. சட்டம் போடுவது சட்டமன்றத்தின் வேலை, நிர்வாகம் அதைக் கைப்பற்றிக்கொள்ள முடியாது என்று தலைமை நீதிபதி பகவதி எழுதினார். வாத்வாவின் உழைப்பை மதித்து அவருக்கு 10,000 ரூபாய் செலவுத்தொகை தரவும் உத்தரவிட்டார்கள். பீகார் மக்கள் தேர்ந்தெடுத்த அவை தன் வேலை பறிபோனதைப் பற்றி அத்தனை ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. புனேயிலிருந்து ஒருவர் வந்து வழக்குப் போட வேண்டியிருந்தது.

இப்போது கனமான சுவர் பக்கம் வருவோம். நீதிபதியின் நடத்தையைப் பற்றி, அவரை நீக்கும் தீர்மானம் வந்தால் தவிர, நாடாளுமன்றத்தில் பேசக் கூடாது என்கிறது 121. சட்டமன்றத்தில் பேசவே கூடாது என்கிறது 211. அவை நடவடிக்கையில் விதி மீறல் என்று சொல்லி நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கின்றன 122-உம் 212-உம். உன் வீட்டுக்குள் நான் வரமாட்டேன், என் வீட்டுக்குள் நீ வராதே.

ஒருமுறை இரண்டு பேரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள். 1964, உத்தரப் பிரதேசம். கோரக்பூரைச் சேர்ந்த கேசவ் சிங் என்ற சோசலிஸ்ட் கட்சிக்காரர், ஒரு காங்கிரஸ் எம்எல்ஏ மீது ஊழல் குற்றம் சாட்டித் துண்டறிக்கை வெளியிட்டார். உரிமை மீறல் என்று அவை அவரைக் கண்டிக்க முடிவு செய்தது. மார்ச் 14 அன்று பிடித்துக்கொண்டு வந்து அவை முன் நிறுத்தினார்கள். பெயர் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. பேரவைத் தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏழு நாள் சிறை என்று தீர்மானித்தார்கள்.

அவர் சார்பில் வழக்கறிஞர் ஒருவர் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளைக்குப் போனார். 19-ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் அவரை ஜாமீனில் விட்டார்கள். அவை கொதித்தது. 21-ஆம் தேதி ஒரு தீர்மானம்: கேசவ் சிங்கையும் வழக்கறிஞரையும் அந்த இரண்டு நீதிபதிகளையும் காவலில் அவை முன் கொண்டுவர வேண்டும்! உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் கைது செய்து கொண்டுவரச் சொல்லி ஒரு சட்டமன்றம் உத்தரவிட்டது. நீதிபதிகள் தங்கள் நீதிமன்றத்திலேயே மனு போட்டார்கள். 28 நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து அந்த உத்தரவுக்குத் தடை விதித்தார்கள். யார் பெரியவர் என்று முடிவாகாமல் நாடே ஸ்தம்பித்து நின்றபோது, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

செப்டம்பர் 30 அன்று ஏழு பேரில் ஆறு பேர் சொன்னது: அவைக்குத் தன் கண்ணியத்தைக் காக்கும் உரிமை உண்டு, ஆனால் தன் சுதந்திரம் பறிபோனது என்று ஒரு குடிமகன் வந்து நின்றால் அதைக் கேட்க நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. மனுவைக் கேட்டதற்காக நீதிபதிகளை அவை முன் நிறுத்த முடியாது. இங்கிலாந்தில் நாடாளுமன்றமே உச்சம். இந்தியாவில் உச்சம் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம். பிறகு கேசவ் சிங்கின் மனு 1965-இல் விசாரணைக்கு வந்து தள்ளுபடியானது. மீதமிருந்த ஒரு நாள் சிறையை அவர் போய் அனுபவித்துவிட்டு வந்தார். தண்டனை நின்றது, அதைக் கேள்வி கேட்கும் வழியும் திறந்தே இருந்தது. அதிகாரப் பிரிவினையை எனக்குப் புரியவைத்த கதை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தமிழகத்துக்கும் இதில் ஒரு கசப்பான பக்கம் உண்டு. அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு 1987 ஏப்ரலில் நம் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்து சில நாட்களில் விடுவித்தார்கள். சிறை வைத்தது செல்லாது என்று பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சுவர் கனமானது என்றால் ஜன்னல் இல்லை என்று பொருளில்லை. சட்டமன்றம் போட்ட சட்டம் அரசமைப்புச் சட்டத்தை மீறினால் நீதிமன்றம் ரத்து செய்யும். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று பிரிந்து, அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தினாலும் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் கைவைக்கக் கூடாது என்றார்கள். எதிர்ப்பக்க ஜன்னல், நீதிபதியை நீக்கும் அதிகாரம். அது நாடாளுமன்றத்திடம் மட்டும் இருக்கிறது. 1993-இல் நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானத்துக்கு மக்களவையில் 196 பேர் ஆதரவாக வாக்களித்தும், காங்கிரஸ் தரப்பில் 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்ததால் அது தோற்றது.

ஆளுநரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். 168-ஆவது பிரிவின்படி ஆளுநரும் சட்டமன்றத்தின் ஓர் உறுப்பு. அவர் ஒப்புதல் இல்லாமல் மசோதா சட்டமாகாது. 2023 நவம்பரில் ஆளுநர் ஆர்.என். ரவி திருப்பிய 10 மசோதாக்களை நம் சட்டப்பேரவை சிறப்புக் கூட்டம் போட்டு 18-ஆம் தேதி மறுபடி நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. ஆளுநருக்குக் கால வரம்பும் வைத்தது. குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு நவம்பர் 20 அன்று ஐவர் அமர்வு வேறு விதமாகக் கருத்துச் சொன்னது: நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, காரணமில்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போட்டால் மட்டும், ஒரு முடிவெடுங்கள் என்று சொல்லலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட அவை இரண்டாம் முறை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுக்கக் கூடாது என்று பிரிவு 200 சொல்வதை நான் அப்படியே நேராக வாசிக்கிறேன். அந்த வகையில் இந்தக் கருத்து எனக்கு ஏமாற்றமே.

இனி உங்கள் கேள்வியின் இறுதிப் பகுதி. எல்லாரும் எம்எல்ஏக்கள் என்றால் அரசு யார், சட்டமன்றம் யார்? 2003-இல் வந்த 91-ஆவது திருத்தம் ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. அவையின் பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. தமிழகத்தில் 234 இடங்கள். முதல்வரையும் சேர்த்து அதிகபட்சம் 35 அமைச்சர்கள். மிச்சம் 199 பேர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அரசு இல்லை, சட்டமன்றம் மட்டுமே. கோடு ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் நடுவே ஓடவில்லை. அமைச்சர்களின் வரிசைக்கும் அதன் பின்வரிசைக்கும் நடுவே ஓடுகிறது. அன்று பாலத்தைப் பற்றிக் கேட்டவர் அந்தக் கோட்டைத் தெரிந்து வைத்திருந்தார். உங்கள் தொகுதிக்காரர் அமைச்சரா, இல்லையா என்று பாருங்கள். இல்லையென்றால் கடந்த கூட்டத்தொடரில் என்ன கேள்வி கேட்டார் என்று பேரவை நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்; அவர் பெயரோடு அச்சாகியிருக்கும்.